மின்சார வண்டியின் டயர் தூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடமாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். சொந்தத்தில் யாராவது மின்சார கார் வாங்க நினைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். முன்பெல்லாம் "எத்தனை கிலோமீட்டர் ஓடும், பேட்டரி எத்தனை வருடம் வரும்" என்பதுதான் கேள்வி. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "மின்சார வண்டி புகை விடாதாம், ஆனால் டயர் தேய்ந்து அதைவிட மோசமாகக் காற்றைக் கெடுக்கிறதாமே, உண்மையா?" இதில் உண்மையும் உண்டு, திரித்துச் சொன்னதும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பக்கம்.

டயர் தேய்கிறது சரி. தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது?

இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது ஒரு டயர் கடையில். மாமாவின் காருக்கு நான்கு டயரும் மாற்றப் போயிருந்தோம். கழற்றிய பழைய டயர் ஒன்றையும், அதே அளவுள்ள புது டயரையும் கடைக்காரரின் எடை மேடையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். புதியது 9.6 கிலோ. பழையது 8.2 கிலோ. ஒரு டயரில் 1.4 கிலோ காணோம். நான்குக்கும் சேர்த்தால் ஐந்தரை கிலோவுக்கு மேல். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் வருகிறது.

ஒரே ஒரு காரை வைத்துப் போட்ட கணக்குதான். ஆனாலும் ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி, நூறுக்கு நெருக்கமான டயர் ரகங்களைச் சோதித்து 2021-இல் சொன்ன சராசரியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: 1,000 கிலோமீட்டருக்கு ஒரு காரிலிருந்து 120 கிராம்.

அந்த ஐந்தரை கிலோ ரப்பர் மாயமாகவில்லை. பெரும்பகுதி ரோட்டிலும் ரோட்டோரத்து மண்ணிலும் விழுந்து கிடக்கிறது. மழை பெய்தால் வடிகால் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. ஒரு சிறு பகுதி காற்றில் மிதக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 60 லட்சம் டன் டயர் துகள் இப்படி உதிர்கிறது என்பது 2017-இல் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீடு. தலைக்குச் சராசரியாக 0.81 கிலோ. அமெரிக்காவில் 4.7 கிலோ, இந்தியாவில் 0.23 கிலோ. நம் கணக்கு ஏன் சிறியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நம்மில் பலர் பஸ்ஸிலும் டூவீலரிலும் போகிறோம். அங்கே ஆளுக்கொரு பெரிய கார்.

உதிர்வது எல்லாமே மூச்சில் போகுமா?

போகாது. இந்த ஒன்று புரிந்தால் மீதியெல்லாம் எளிது.

டயரிலிருந்து உதிரும் துகள்களில் எடைக்கணக்கில் பெரும்பங்கு பெரிய துகள்கள். பத்து மைக்ரானிலிருந்து நூறு மைக்ரானுக்கு மேலும் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 70 மைக்ரான்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் இவை உருண்டையாக இருக்காது. உள்ளங்கையில் அழுக்கைத் தேய்த்தால் உருளுமே, அதைப்போல நீள நீளமாகத் திரண்டு, மேலே ரோட்டின் மணலும் தாரும் ஒட்டியிருக்கும். இவை தூரமாகப் பறக்காது. பக்கத்திலேயே விழும்.

பத்து மைக்ரானுக்குக் கீழே இருப்பதைத்தான் பி.எம். 10 என்கிறோம். 2.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பி.எம். 2.5. இவைதான் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகிறவை. உதிரும் டயர் ரப்பரில் இந்த அளவுள்ளவை பத்து சதவீதத்துக்குள்தான் என்று பெரும்பாலான அளவீடுகள் காட்டுகின்றன.

அதற்காக விழுந்தது விழுந்தபடியே கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். அடுத்த லாரி அதன்மேல் ஏறுகிறது, இன்னும் பொடியாகிறது, காற்றோடு மறுபடி எழும்புகிறது. நம் ஊர் ரோட்டோரத்தில் மண் குவிந்து கிடக்கும் இடங்களில் இது அதிகம். டெல்லியைப் பற்றி ஐஐடி கான்பூர் 2016-இல் கொடுத்த அறிக்கையில், பி.எம். 10 உமிழ்வில் 56 சதவீதம் சாலைத் தூசி என்று இருந்தது. அது முழுக்க டயர் அல்ல. மண், சிமெண்ட், பிரேக் தூள், டயர் எல்லாம் கலந்தது. ஆனால் அந்தத் தூசியை எழுப்பிவிடுவது வண்டிகள்தான். பெட்ரோலா மின்சாரமா என்ற வித்தியாசம் அதில் இல்லை.

ரப்பர் மரத்துப் பால்தானே? அதில் என்ன கெடுதல்?

கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. கொட்டாங்கச்சியில் வடியும் அந்த வெள்ளைப் பாலும் டயரில் இருக்கிறது. லாரி டயரில் அதிகம், கார் டயரில் குறைவு. மீதி என்னவென்று பார்த்தால், பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர், கார்பன் கரி, சிலிக்கா, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய்கள், அப்புறம் ரப்பர் விரிசல் விடாமல் காக்கும் வேதிப்பொருள்கள். டயர் கறுப்பாக இருப்பதே அந்தக் கார்பன் கரியால்தான்.

அதனால் டயர் தூளை மைக்ரோபிளாஸ்டிக் வகையில் சேர்க்கிறார்கள். சட்டை துவைத்தால் உதிரும் பாலியெஸ்டர் இழை மாதிரிதான் இதுவும், மண்ணில் எளிதில் மக்காது.

மின்சார வண்டியில் டயர் சீக்கிரம் தேயும் என்கிறார்களே?

கார் விஷயத்தில் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. மூன்று காரணங்கள், அதில் முதலாவதுதான் பெரியது.

எடை. ஒரே மாடல் பெட்ரோலிலும் பேட்டரியிலும் வந்தால், பேட்டரி கார் ஏறக்குறைய 150 முதல் 300 கிலோ வரை கூடுதலாக இருக்கும். பின் சீட்டில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இறங்காமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ளங்கை அளவு இடம்தான் தொடுகிறது. அவ்வளவு பாரமும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

இரண்டாவது, இழுவை. பெட்ரோல் இன்ஜின் சுழற்சி கூடி, அப்புறம்தான் முழு இழுவையைக் கொடுக்கும். மோட்டார் நின்ற இடத்திலேயே கொடுத்துவிடும். சிக்னல் பச்சையானதும் அழுத்தினால் வண்டி பாயும் அந்த சுகத்துக்கு டயரும் ஒரு விலை கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் டயர் ரோட்டில் வழுக்குகிறது, வழுக்கும்போது தேய்கிறது.

மூன்றாவது ரீஜென், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சாதாரண டயரை மின்சார காரில் மாட்டினால் 20 சதவீதம் வரை சீக்கிரம் தேயும் என்று டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஓட்டுகிறவரைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ரீஜென் இருப்பதால் பிரேக் பிடிக்க வேண்டியதே இல்லையே. அது டயரைக் காப்பாற்றாதா?

காப்பாற்றுவது பிரேக் பேடை. டயரை அல்ல. நிறைய பேர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

வண்டியைக் கடைசியில் நிறுத்துவது எது? டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம். டிஸ்க்கைப் பேட் அழுத்திப் பிடித்தாலும் சரி, மோட்டார் டைனமோவாக மாறி சக்கரத்தைப் பிடித்து இழுத்தாலும் சரி, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க வேண்டுமென்றால் டயர் அதே அளவு விசையை ரோட்டின்மேல் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. சாதாரண பிரேக் நான்கு சக்கரத்திலும் வேலை செய்யும். ரீஜென் மோட்டார் இருக்கும் சக்கரத்தில் மட்டும்தான். முன்பக்கம் மோட்டார் உள்ள காரில் முன் டயர் இரண்டும் இழுக்கவும் செய்கின்றன, நிறுத்தவும் செய்கின்றன. அதனால்தான் அந்த இரண்டும் முதலில் மொட்டையாகின்றன. 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் பிரேக் தூள் குறைவது சின்ன விஷயம் இல்லை. பிரேக் பேடிலிருந்து வருவது இரும்பு, செம்பு கலந்த மிக மெல்லிய தூள். டயர் தூளைவிட அதில் மூச்சில் போகும் அளவுள்ள பங்கு அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு மின்சார டாக்ஸி ஓட்டுநர் 90,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னும் முதல் பிரேக் பேடிலேயே ஓடுகிறார். சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பழைய டீசல் காரில் வீலின் உள்பக்கம் கறுப்பாக அப்பியிருக்கும் தூள் இதில் இல்லை, துணியால் துடைத்தால் வெறும் செம்மண்தான் வந்தது.

அப்படியானால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்ன வருகிறது?

சைலன்சர் புகையை விட்டுவிட்டு, பிரேக், டயர், ரோடு தேய்மானம், கிளம்பும் தூசி இவற்றை மட்டும் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2020-இல் ஓர் அறிக்கையில் கணக்கிட்டது. சின்ன பேட்டரியுள்ள லேசான மின்சார கார், அதே வகைப் பெட்ரோல் காரைவிட பி.எம். 2.5-ஐ 11 முதல் 13 சதவீதமும், பி.எம். 10-ஐ 18 முதல் 19 சதவீதமும் குறைவாகவே கிளப்புகிறது. நீண்ட தூரம் ஓடுவதற்காகப் பெரிய பேட்டரி வைத்த கனமான காரில் பி.எம். 10 மட்டும் 4 முதல் 7 சதவீதம் குறைகிறது, பி.எம். 2.5 மாறாக 3 முதல் 8 சதவீதம் கூடுகிறது.

அந்த 3 முதல் 8 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் "மின்சார கார் அதிக மாசு" என்ற செய்தி ஓடுகிறது. அதே பக்கத்தில் லேசான கார் பற்றி இருப்பதை யாரும் சொல்வதில்லை. இந்தக் கணக்கில் சைலன்சர் புகை சேரவே இல்லை என்பதையும் சொல்வதில்லை. நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, பென்சீன், டீசல் கரி எல்லாம் மின்சார வண்டியின் பின்னால் பூஜ்யம். பள்ளிக்கூட வாசலில் பத்து வேன் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் இடத்தில் பிள்ளைகளோடு பத்து நிமிடம் நின்றவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தின் மதிப்பு தெரியும்.

அந்த அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வண்டியின் எடைதான். மின்சாரமா பெட்ரோலா என்பதைவிட, எவ்வளவு கனமான வண்டி என்பதே தூசியைத் தீர்மானிக்கிறது.

"டயர் மாசு, புகையைவிட 1,850 மடங்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

எமிஷன்ஸ் அனலிட்டிக்ஸ் என்ற பிரிட்டிஷ் சோதனை நிறுவனம் 2022-இல் சொன்ன எண் அது. சாதாரணமாக ஓட்டினால் ஒரு காரின் டயர்களிலிருந்து கிலோமீட்டருக்கு 36 மில்லிகிராம், சைலன்சரிலிருந்து 0.02 மில்லிகிராம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1,800 வரும், அந்த 1,850-க்குப் பக்கத்தில்.

எண் பொய்யல்ல. ஆனால் மூன்று விஷயங்களைக் கழற்றிவிட்டு அனுப்புகிறார்கள். ஒன்று, அது நவீன கார்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது. பெட்ரோல் காருக்கும் டயர் உண்டு! இரண்டு, டயர் பக்கத்தில் உதிர்ந்த ரப்பர் மொத்தமும், ரோட்டிலேயே விழுந்த பெரிய துகள் உட்பட, கணக்கில் இருக்கிறது. சைலன்சர் பக்கத்தில் மிதக்கும் துகள் மட்டும். மூன்று, ஒப்பிட்டது நல்ல வடிகட்டி உள்ள புத்தம்புது காரின் சைலன்சரோடு. நம் ரோட்டில் கறுப்பாகப் புகைவிடும் பதினைந்து வருடப் பழைய டீசல் வண்டியோடு அல்ல. வாயுக்களை அது எண்ணவே இல்லை.

ஆனாலும் அந்த எண் ஒரு நல்ல காரியம் செய்தது. புகையை இறுக்கிப் பிடித்த அளவுக்கு டயரை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பிரிட்டன் அரசின் காற்றுத் தர நிபுணர் குழு 2019-இலேயே சொல்லியிருந்தது: அங்கே சாலைப் போக்குவரத்திலிருந்து நேரடியாக வரும் பி.எம். 2.5-இல் 60 சதவீதமும், பி.எம். 10-இல் 73 சதவீதமும் பிரேக், டயர், ரோடு தேய்மானத்திலிருந்து வருகிறது. புகை குறையக் குறைய இந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு நாமும் அதே பாதையில்தான் இருக்கிறோம்.

மின்சார ஸ்கூட்டருக்கும் இதே கதைதானா?

இல்லை. நம் ஊருக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் வெளியே வரும் மின்சார வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்கூட்டர்கள்தான்.

பரவலாக ஓடும் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் 105 முதல் 110 கிலோ. மின்சார ஸ்கூட்டர்களில் பல 110 முதல் 125 கிலோவுக்குள் அடங்கிவிடும். 65 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்தால், 171 கிலோ பெட்ரோல் வண்டிக்கு எதிராக 182 கிலோ மின்சார வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் ஆறு ஏழு சதவீதம். பின்னால் ஒருவர் ஏறினால் இன்னும் குறையும். காரில் வரும் எடைப் பிரச்சினை இங்கே கிட்டத்தட்ட இல்லை.

இழுவைப் பிரச்சினை மட்டும் உண்டு. என் வண்டியில் முதல் பின் டயர் 13,000 கிலோமீட்டரில் நடுவில் தட்டையாகிவிட்டது. ஓரத்தில் பட்டன் அப்படியே இருக்கிறது, நடுப்பட்டை மட்டும் வழுவழு. பஞ்சர் கடை அண்ணன் கையை வைத்துத் தடவிப் பார்த்து, "சிக்னல்ல சர்ருன்னு எடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். எடுப்பேன். வாங்கிய புதிதில் எப்போதும் வேகமான மோடில்தான் ஓட்டினேன். அதற்குப் பிறகு ஈகோ மோடு, காற்று வாரம் ஒருமுறை. அதே கம்பெனி டயர்தான் இரண்டாவதாகவும் போட்டேன். இப்போது 17,000 தாண்டியும் நடுவில் கோடு தெரிகிறது. ஒரு ஆளின் அனுபவம்தான், ஆனால் கை எவ்வளவு தேய்க்கிறது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

டயர் தூளால் மீன்கள் செத்தன என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் பகுதியில் நடந்தது. கோஹோ சால்மன் என்ற மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். இலையுதிர் காலத்து முதல் மழைக்குப் பிறகு, நகரத்து ஓடைகளுக்குள் வந்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து, தள்ளாடிச் சுற்றி, சில மணி நேரத்தில் செத்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. சில ஓடைகளில் வந்த மீனில் பாதிக்கு மேல் இப்படிப் போனது. பல வருடம் காரணம் தெரியவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தைச் சேர்ந்த ஜென்யு டியான், எட்வர்ட் கோலோட்ஸீ குழுவினரும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயரும் சேர்ந்து டயர் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இருந்த ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். எந்தப் பங்கு மீனைக் கொல்கிறதோ அதை மட்டும் மறுபடி பிரிப்பது, மறுபடி சோதிப்பது. கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. 2020 டிசம்பரில் அதை வெளியிட்டார்கள்.

டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்ப்பார்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்குவதற்கு முன் இது முந்திக்கொண்டு ஓசோனோடு சேர்ந்துவிடும். டயர் தப்பிக்கும். ஆனால் அந்தச் சேர்க்கையில் 6பிபிடி-குவினோன் என்ற புதுப் பொருள் பிறக்கிறது. மழையில் அது ஓடைக்குப் போகிறது. பிறகு செய்த அளவீட்டின்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 95 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய அளவு இருந்தாலே கோஹோ சால்மனில் பாதி செத்துவிடும்.

எல்லா மீனும் இப்படிச் சாவதில்லை. அதே ஓடையின் சம் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வானவில் ட்ரவுட் மீனுக்கும் இது நஞ்சு என்று பிறகு கண்டார்கள். அந்த ட்ரவுட் நமக்கும் அந்நியமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன் அது. மலைப்பாதையில் வண்டிகள் பெருகும் இந்தக் காலத்தில், ரோட்டில் வழியும் மழைநீர் நேராக அந்த ஓடைகளில் இறங்காமல் பார்த்துக்கொள்ள நமக்கு இது போதுமான காரணம்.

இதற்கு வழியும் அங்கேயே கிடைத்தது. ரோட்டு மழைநீரை மணலும் மக்கிய இலைதழை உரமும் கலந்த படுகை வழியாக வடிய விட்டால், அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்கிறது. சென்னையில் ரோட்டு நீர் கான்கிரீட் வாய்க்கால் வழியாக நேரே அடையாற்றிலும் கூவத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் விழுகிறது. வடிகால் தோண்டும் இடங்களிலெல்லாம் ரோட்டோரம் கொஞ்சம் மண் படுகை விட்டால், வெள்ளமும் குறையும், டயர் தூளும் அங்கேயே தங்கும்.

நம் உடம்புக்கு என்ன செய்யும்?

பி.எம். 2.5 எதிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது. இந்தியாவின் வரம்பு 40. டயர் துகளில் துத்தநாகமும் பல வேதிப்பொருள்களும் சேர்ந்திருப்பதால், செல்களில் அழற்சியை உண்டாக்குவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்றால், ரோட்டுப் பக்க ஜன்னலைப் பரபரப்பான நேரத்தில் சாத்தி வைப்பதும், துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பதும் நல்லது. ஜன்னல் திண்டில் படியும் அந்தக் கறுப்புத் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள், மண் மாதிரி நறநறக்காமல் மை மாதிரி இழுபடும்.

மின்சார பஸ் இன்னும் கனம்தானே?

கனம்தான். 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கியபோதும் இதைக் கேட்டார்கள். ஒரு பஸ்ஸின் டயர் தூள் ஐந்து கார்களின் தூளுக்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 600 மில்லிகிராம். அதில் 60 பேர் போனால் ஆளுக்கு 10 மில்லிகிராம். காரில் தனியாகப் போகிறவருக்கு 120. இதற்கு மேல் பஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

டயர் தூளுக்குச் சட்டம் ஏதும் உண்டா?

ஐரோப்பாவில் வந்துவிட்டது. 2024-இல் நிறைவேறிய யூரோ 7 விதிகள்தான் உலகத்திலேயே முதன்முதலாகப் பிரேக் தூளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கின்றன. பிரேக்கிலிருந்து வரும் பி.எம். 10, பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சார கார்களுக்கு 3 மில்லிகிராம். ரீஜென் இருப்பதால் உன்னால் முடியும், செய் என்று மின்சார காருக்குக் கடுமையான வரம்பு. கார் டயர்களுக்கான தேய்மான வரம்பு 2028-இலிருந்து படிப்படியாக வருகிறது, லாரி டயர்களுக்கு அதற்குப் பிறகு. கலிஃபோர்னியா 2023 அக்டோபரிலிருந்து, 6பிபிடி உள்ள டயர் தயாரிப்பாளர்கள் மாற்றுப் பொருள் இருக்கிறதா என்று ஆராய்ந்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம், பெரம்பலூர், மதுரை என்று தமிழ்நாடு முழுக்க டயர் ஆலைகள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் குறைவாகத் தேயும் டயரை எப்படியும் செய்தாக வேண்டும். அதே டயர் நம் கடைக்கும் வர வேண்டும் என்று கேட்க வேண்டியது நாம். வாங்கும்போது பார்க்கும் நட்சத்திரக் குறியீட்டில் உருளும்போது இழக்கும் சக்தி தெரியும். எவ்வளவு உதிரும் என்பதும் அந்த ஸ்டிக்கரில் ஒரு வரியாக வர வேண்டும்.

மின்சார வண்டிக்கென்றே தனி டயர் விற்கிறார்கள். வாங்கலாமா?

காருக்கு வாங்கலாம். கூடுதல் எடை தாங்கும் பக்கச்சுவரும், எளிதில் உருளும் ரப்பர் கலவையும் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் தேயாத டயர், எளிதில் உருளும் டயர், மழையில் வழுக்காத டயர், மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று இறங்கும். மழைக்காலப் பிடிமானத்தை விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்காதீர்கள். ஸ்கூட்டருக்கு, வண்டியோடு வந்த அளவிலேயே நல்ல டயர் போதும், பட்டையான டயர் மாட்டுவது வேண்டாம்.

லண்டனில் மாணவர்கள் சிலர் தொடங்கிய டயர் கலெக்டிவ் என்ற குழு, சக்கரத்துக்குப் பின்னால் மின்னேற்றம் கொண்ட தகடு வைத்து உதிரும் தூளைப் பிடிக்கும் கருவி செய்து 2020-இல் பரிசும் வாங்கியது. நம் செம்மண் புழுதியில் அது தாக்குப்பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் பழைய பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்ளட்டுமா?

டயர் தூசிக்குப் பயந்து வேண்டாம். பெட்ரோல் வண்டியும் டயரில்தான் ஓடுகிறது, புகையும் விடுகிறது. மாற்றும்போது தேவைக்கு மேல் பெரிய வண்டி வாங்காதீர்கள், அவ்வளவுதான். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 500 கிலோமீட்டர் ஓடும் பேட்டரி எதற்கு? அந்தக் கூடுதல் பேட்டரியின் பாரத்தை ஒவ்வொரு நாளும் நான்கு டயரும் சுமக்கின்றன.

டயர் குறைவாகத் தேய நான் என்ன செய்வது?

முதலில் காற்று. குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுப்பகுதி தேயும். எவ்வளவு என்பது காரில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். வெயிலில் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், பையன் காற்றை இறக்கிவிடுவான், மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். நூறு ரூபாய் சொச்சத்துக்குப் பேனா மாதிரி கேஜ் கிடைக்கிறது. நான் ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகும் முன் இரண்டு டயரையும் பார்த்துவிடுவேன்.

பள்ளத்தில் சக்கரம் பலமாக இறங்கினால் அலைன்மென்ட் பாருங்கள். ஒரு பக்க டயர் மட்டும் உள்ஓரத்தில் தேய்ந்தால் அதுதான் அறிகுறி. டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். டயர் கோட்டுக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். கார் டயரில் அது 1.6 மில்லிமீட்டர் உயரம். மேல் ரப்பர் அதற்குச் சமமானதும் டயரை மாற்றிவிட வேண்டும். கழற்றிய பழைய டயரை வீட்டுக்குக் கொண்டு வந்து போகிக்கு எரிக்காமல், கடைக்காரரிடமே விட்டு வாருங்கள்.